புயல் இயற்கை, சாவும் இயற்கையா?

"எல்லாம் விதி" என்கிறார் ஒருவர். "ஆண்டவன் சோதனை" என்கிறார் மற்றொருவர். "இயற்கையின் சீற்றம், மனிதனால் ஆவதென்ன?" என்கிறார், சற்றே படித்த மூன்றாமவர். கூரையிழந்து, குழந்தையிழந்து, கட்டிய துணியோடு மேட்டில் நிற்கும் மக்களைச் சுற்றி, ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் இம்மூன்று குரல்களும் ஒலிக்கின்றன. குரல்கள் மூன்று, பொருள் ஒன்றே. யாரும் பொறுப்பல்ல என்பதே அந்தப் பொருள்.

நாம் கேட்கிறோம்: உண்மையிலேயே யாரும் பொறுப்பல்லவா?

காற்று வீசுவது இயற்கை. வங்கக் கடலின் நீர் வெப்பமுறுகிறது, ஈரக்காற்று மேலெழுகிறது, அந்த இடம் நோக்கிச் சுற்றுப்புறக் காற்று பாய்கிறது, பூமியின் சுழற்சியால் வளைந்து, சுழன்று, புயலாகிறது. அதிலே யாருடைய சினமும் இல்லை. யாருடைய சாபமும் இல்லை. கடலடியில் நிலத்தட்டு நழுவுகிறது. நீர் மேலெழுந்து அலையாகி ஓடி வருகிறது. அதற்கும், நம் நெற்றியிலே எழுதியிருப்பதாகச் சொல்லப்படும் எழுத்துக்கும் தொடர்பேதும் இல்லை. ஆனால், அந்தக் காற்றுக்கு எதிரே இற்றுப்போன மண்சுவரை நிறுத்தியது எது? அந்த அலைக்கு எதிரே, செய்தி அறியாத மக்களை நிறுத்தியது எது? காற்று இயற்கை, அலை இயற்கை, சாவும் இயற்கையா? வானிலை ஆய்வாளர் மட்டும் விடை கூறிவிடக்கூடிய கேள்வியன்று இது. அறம் பேசுவோர் அனைவரும் விடை கூற வேண்டிய கேள்வி.

நாகை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். வயலும் உப்பளமும், வலையும் படகும், தென்னையும் சவுக்கும் நிறைந்த சிற்றூர்களின் மாவட்டம். காவிரியின் கிளைகள் கடலிலே கலக்கும் தாழ்நிலம். 1952 நவம்பரில் அங்கே புயல் அடித்தது. 1977 நவம்பர் 12 அன்று மீண்டும் அடித்தது. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் மாண்ட ஏறத்தாழ 8,000 பேரில் 6,000க்கு மேற்பட்டோர் அந்த ஒரு மாவட்டத்திலே மாண்டவர்கள். 2018 நவம்பர் 16 அன்று 'கஜா' வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையைக் கடந்தது. சற்றுத் தெற்கே, தனுஷ்கோடி என்னும் ஊர், 1964 டிசம்பரில், வந்துகொண்டிருந்த தொடர்வண்டியையும் சேர்த்துக் கடலுக்குப் பறிகொடுத்தது.

ஒரு முறை வந்தவனை 'எதிர்பாராத விருந்தாளி' எனலாம். தலைமுறை தோறும் தவறாமல் வந்து கதவைத் தட்டுபவனையும் எதிர்பாராதவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தால், குற்றம் விருந்தாளியிடத்திலா, வீட்டாரிடத்திலா?

பழைய காலத்தில் இந்தக் கேள்விக்கு விடை எளிதாக இருந்தது. பூம்புகாரைக் கடல் கொண்டது ஏன்? காணாமற்போன மைந்தனைத் தேடித் திரிந்த சோழ மன்னன் இந்திர விழா எடுக்க மறந்தான். அதனால் கடல் பொங்கி நகரை விழுங்கிற்று என்று மணிமேகலைக் காப்பியம் காரணம் கூறும். காப்பியத்தின் சுவையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் காரணத்தை ஒரு கணம் எடைபோட்டுப் பார்ப்போம். விழாவை மறந்தவன் மன்னன். மூழ்கியதோ மீனவன் குடிசையும், குயவன் சூளையும், உமணன் உப்பும்! ஒருவன் மறதிக்கு ஊரையே அழிப்பது நீதியென்றால், அநீதி என்று எதைச் சொல்வது?

இது நம் நாட்டின் தனிச்சொத்தன்று. 1755 நவம்பர் 1 அன்று ஐரோப்பாவின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது; பின்னர்க் கடல் பொங்கியது; பின்னர்த் தீ பரவியது. அன்று புனிதர் அனைவரின் திருநாள். மாதா கோயில்களிலே மக்கள் நிறைந்திருந்த நேரம். "பாவத்தின் சம்பளம்" என்றனர் சமயவாதிகள். தொழுதுகொண்டிருந்தவர் மீதா கூரை இடிய வேண்டும் என்று வால்டேர் கொதித்துக் கவிதை எழுதினார். ரூசோ அவருக்கு எழுதிய மடலில் மற்றொரு கோணத்தைக் காட்டினார். அவ்வளவு வீடுகளை, அவ்வளவு உயரமாக, அவ்வளவு நெருக்கமாகக் கட்டியது இயற்கையன்று, மனிதன்தான் என்பது அவர் வாதம். ஆண்டவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார் ஒருவர். மனிதனின் கட்டடத்தைக் கூண்டில் ஏற்றினார் மற்றவர். பேரிடரைப் பற்றிய புதிய சிந்தனை அந்த இரண்டாவது கூண்டிலேதான் தொடங்கிற்று.

நம் நாட்டிலும் அப்படியொரு வழக்கு நடந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியார், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்று பேசினார். நோக்கம் நல்லது, தீண்டாமை பாவம் என்பதிலே ஐயமில்லை. ஆனால், காரணம் பொய். தாகூர் மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு அறநெறிக் காரணம் கற்பிப்பது, ஏற்கெனவே அறிவுக்கு ஒவ்வாதவற்றில் மூழ்கிக் கிடக்கும் மக்களை மேலும் மூழ்கடிக்கும் என்று கவலை தெரிவித்தார். அந்த மறுப்பைக் காந்தியார் தம் 'ஹரிஜன்' ஏட்டிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். மாற்றுக் கருத்துக்கு இடமளித்த அந்தப் பண்பைப் போற்றுவோம். ஆயினும் கேட்போம்: பீகாரில் இடிபாட்டிலே சிக்கியவர்களில் தீண்டப்படாதாரும் இருந்தனரே! தீண்டாமைக்குத் தண்டனை, தீண்டாமையின் கொடுமைக்கு ஆளானவனுக்குமா?

தண்டனைக் கொள்கைக்கு இரண்டு நச்சுப் பற்கள் உண்டு. முதலாவது, மாண்டவனைக் குற்றவாளியாக்குவது. 2004 டிசம்பரில் வேளாங்கண்ணிக் கடற்கரையிலே, கிறிஸ்துமஸ் திருநாளுக்கு மறுநாள், பக்தியோடு வந்து நின்ற பயணிகளை அலை வாரிக்கொண்டு போயிற்று. அவர்கள் செய்த பாவம் என்ன என்று எந்த நாக்கு பேசும்? இரண்டாவது பல் இன்னும் கொடியது. தண்டனை என்று நம்புகிறவன் பரிகாரத்தைத் தேடுவான், பாதுகாப்பைத் தேடமாட்டான். பூசை செய்வான், மேட்டுநிலத்தைப் பார்த்து வைக்கமாட்டான்.

"விதி என்பது நம் முன்னோர் கண்ட உண்மையல்லவா?" என்பர் சிலர். விதியைப் பேசுகிறவரும் இரவிலே வாசற்கதவைப் பூட்டிவிட்டுத்தான் உறங்குகிறார். களவு போவது விதியானால், பூட்டு எதற்கு? ஊழைப் பற்றி ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். வருமுன் காவாதவனுக்கு அவர் விடுத்த எச்சரிக்கை எங்கே இருக்கிறது? பொருட்பாலில், அரசியலில், ஆள்வோனுக்குரிய பகுதியிலே இருக்கிறது. அந்த இடத்தை நம் ஆட்சியாளரும் குறித்துக்கொள்வது நல்லது.

வாதத்தை விட்டுச் சான்றுக்கு வருவோம். விதியே சாவைத் தீர்மானிக்கிறது என்றால், புகலிடம் கட்டினாலும் கட்டாவிட்டாலும், செய்தி சொன்னாலும் சொல்லாவிட்டாலும், சாவின் எண்ணிக்கை மாறக்கூடாது. மாறியிருக்கிறதா, இல்லையா?

1999 அக்டோபரில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியது. ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே மாநிலத்தைப் 'பைலின்' என்னும் கடும்புயல் தாக்கியது. இம்முறை ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர்; மாண்டோர் சில பத்துப் பேர். வங்காள தேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பரில், அது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த நாளில், ஒரே இரவில் மூன்று இலட்சத்துக்குக் குறையாத உயிர்கள் போயின. 1991 ஏப்ரலில் ஏறத்தாழ 1,38,000. 2007 நவம்பரில் 'சிதர்' வந்தபோது மூவாயிரத்துச் சொச்சம். மூவாயிரமும் பெருந்துயரே. ஆனால் மூன்று இலட்சத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடையிலே நின்றது எது? 1972 முதல் ஊரூராகப் பயிற்றப்பட்ட தொண்டர்படை. மேட்டிலே எழுப்பப்பட்ட புகலிடங்கள். கொடியும் ஒலிபெருக்கியும் கொண்டு வீடுவீடாகச் சென்ற செய்தி. அத்தொண்டர் இன்று எழுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள்.

நம் நாகைக் கரையிலும் அதே பாடம்தான். 1977இல் ஐந்நூறுக்கு மேல். 2018இல், எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே முகாம்களுக்குச் சென்றிருந்தனர். டெல்டா மாவட்டங்கள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டும் மாண்டவர் அறுபதை ஒட்டியே நின்றனர்.

இடைக்காலத்தில் ஒடியர்களின் பாவம் தீர்ந்துவிட்டதா? வங்காளியரின் தலையெழுத்தை யாரேனும் அழித்து எழுதினரா? அழித்து எழுதியது அறிவு. அறிவை ஊருக்குக் கொண்டு சென்ற கால்கள்.

அறிவு என்றவுடன் ஆய்வுக்கூடத்தை மட்டுமே எண்ண வேண்டா. இந்தோனேசியாவில் சிமெலு என்றொரு தீவு. 2004இல் நிலம் நடுங்கிய இடத்துக்கு மிக அருகே இருப்பது. அலை அங்கே சென்று சேரச் சில நிமிடங்களே ஆயின. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவிலே மாண்டவர் எழுவர் மட்டுமே! காரணம் என்ன? 1907இல் அங்கே ஓர் ஆழிப்பேரலை வந்தது. "நிலம் பலமாக நடுங்கிற்றா? கடல் பின்வாங்கிற்றா? மலைக்கு ஓடு" என்று பாட்டி பேரனுக்குச் சொல்ல, அவன் தன் பேரனுக்குச் சொல்ல, பாட்டாகவும் கதையாகவும் அந்தச் செய்தி ஒரு நூற்றாண்டு வாழ்ந்தது. பழமை என்பதற்காக எதையும் நாம் பழிப்பதில்லை. கண்டதை, சோதித்ததை, உயிர்காப்பதைச் சொல்லும் பழமை அறிவுச் செல்வம். பழியைப் படைத்தவன் தலையில் ஏற்றிவிட்டு உறங்கச் சொல்லும் பழமையே மடமை.

நம் கரையிலோ? அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்திராவின் அருகே கடலடி நடுங்கியது. அலை நாகைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! நடந்தே ஊரைக் காலிசெய்திருக்கலாம். ஆனால், இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பென்று ஒன்று இல்லை. ஐதராபாத்தில் அத்தகைய நடுவம் செயற்படத் தொடங்கியது 2007இல்தான். கடல் உள்வாங்கியபோது, வெளிப்பட்ட மணலிலே துள்ளிய மீனைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடினர். அதே காலையில், புதுவையைச் சார்ந்த நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரில் நடந்ததையும் பாருங்கள். சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து தொலைபேசியில் அழைத்தார், ஊர்ப் பொதுநிலையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது, ஊரே விலகியது, உயிர்கள் தப்பின. அந்த ஒலிபெருக்கி ஆழிப்பேரலைக்காக வைக்கப்பட்டதன்று. அன்றாடம் கடலின் நிலையை மீனவருக்குச் சொல்ல வைக்கப்பட்டது. அன்றாடம் பயன்பட்டதால் அன்றும் பயன்பட்டது.

இனி, நம் உள்ளத்தையே சற்றுச் சோதித்துப் பார்ப்போம். புயலுக்குப் பின்னே அரிசி மூட்டையோடு வருகிறவனுக்கு மாலை உண்டு, படம் உண்டு, பாராட்டு உண்டு. புயலுக்கு முன்னே வாய்க்காலைத் தூர்வாரியவனுக்கு என்ன உண்டு? புகலிடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, பூட்டுக்கு எண்ணெயிட்டு வைத்தவனுக்கு என்ன உண்டு? ஒன்றும் இல்லை. ஏனென்றால், அவன் காத்த உயிர் எது என்று யாருக்கும் தெரியாது; காக்கப்பட்டவனுக்கே தெரியாது. நீரில் மூழ்கியவனைக் கரை சேர்த்தவனை ஊர் அறியும். மூழ்காதபடி கரை கட்டியவனை யார் அறிவார்?

இங்கேதான் அறத்தின் சிக்கல் இருக்கிறது. இரக்கம் கண்ணீரைக் கண்டு எழுகிறது; முன்காப்போ கண்ணீர் வருமுன்னரே எழ வேண்டும். இரக்கத்துக்குக் கண் போதும். முன்காப்புக்கு அறிவு வேண்டும். ஈகையிலே கொடுப்பவன் உயர்ந்தும் கொள்பவன் தாழ்ந்தும் நிற்கிறார்கள். முன்காப்பிலே அந்த மேடு பள்ளம் இல்லை. அது தானமன்று, கடமை. ஆகவேதான் தானத்தை விரும்புவோர் பலராகவும், முன்காப்பை விரும்புவோர் சிலராகவும் இருக்கின்றனர். நாம் சொல்கிறோம்: நன்றி எதிர்பாராமல், பெயர் தெரியாமல், இன்னார்க்கென்று அறியாமல் செய்யும் நன்மையே நன்மைகளிலெல்லாம் தூயது. புயற்கால முன்னேற்பாடு அத்தகைய நன்மை.

"சரி, ஐயா, ஏழு நாளைக்கு அரிசியும் விளக்கும் மருந்தும் சேர்த்து வைக்கச் சொல்கிறீர்கள். அன்றாடம் கூலி வாங்கி அன்றிரவே உலை வைப்பவன் எதைச் சேர்ப்பான்?" என்று கேட்கப்படும். நேர்மையான கேள்வி, நழுவ முடியாத கேள்வி. முன்னேற்பாட்டை உபதேசிப்போர் பலர் இந்தக் கேள்வியைக் காதிலே வாங்குவதில்லை. அதனால் அவர்கள் உபதேசம் ஏழையைப் பழிப்பதிலே முடிகிறது. "கடலோரத்திலே ஏன் குடிசை போட்டான்? சொன்னபோதே ஏன் கிளம்பவில்லை?" என்கின்றனர். பழைய வைதீகன் பூர்வ ஜென்மப் பாவம் என்றான். புதிய வைதீகன் அலட்சியம் என்கிறான். இருவரும் பழியைச் செத்தவன் தலையிலேதான் வைக்கின்றனர்.

கடலோரத்திலே குடிசை போட்டவன் காற்று வாங்கப் போடவில்லை. படகு அங்கே, வலை அங்கே, பிழைப்பு அங்கே. மேட்டு மனை அவனுக்குக் கிடைக்கவில்லை. சொன்னபோதே அவன் கிளம்பாததற்கும் காரணங்கள் உண்டு. கொட்டிலில் பசு இருக்கிறது. முகாமில் பசுவுக்கு இடமில்லை. வீட்டில் வயதுவந்த மகள் இருக்கிறாள்; முகாமில் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் இல்லை. கடனுக்கு வாங்கிய வலை இருக்கிறது. களவு போனால் கேட்பாரில்லை. சென்ற ஆண்டு இரண்டு முறை எச்சரித்தனர். புயல் வேறு பக்கம் திரும்பிற்று. இரண்டு நாள் கூலி போயிற்று. அவன் மடையனல்லன், கணக்குப் பார்க்கிறான். கணக்கு தவறென்று அவனிடம் வாதாடுவதைக் காட்டிலும், கணக்கின் எண்களை மாற்றுவதே ஆட்சியின் வேலை. முகாமிலே பசுவுக்குக் கொட்டகை, பெண்களுக்குக் கழிப்பிடம், போன கூலிக்கு ஈடு, விட்டுச் சென்ற ஊருக்குக் காவல். இவை அமையட்டும், அவன் கிளம்புகிறானா இல்லையா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கரையில், ஒடுக்கப்பட்ட மக்கள் பொது முகாம்களிலே இருக்கவும், தண்ணீர் பிடிக்கவும், உதவிப் பொருள் பெறவும் தடுக்கப்பட்டனர் என்பதை அந்நாளைய ஏடுகளும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்தன. அலை சாதி பார்க்கவில்லை. அலையிலிருந்து தப்பியவன் பார்த்தான்! ஓராண்டு கழித்து, 2005 டிசம்பரில் நிறைவேறிய பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, உதவி வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றால் வேற்றுமை காட்டக்கூடாது என்கிறது. சட்டம் வந்தது நன்று. ஆனால், புகலிடத்தின் வாயிலில் இழிவு காத்திருக்கிறது என்று ஒருவன் அஞ்சினால், அவனுக்கு நூறு எச்சரிக்கை விடுத்தும் பயன் என்ன? ஊரும் சேரியும் ஒரே தளத்திலே பாய்விரித்துப் படுக்க இசையாத ஊர், புயலுக்கு ஆயத்தமான ஊரன்று. சாதி ஒழிப்பும் புயற்காப்பின் ஒரு பகுதியே.

பெண்களின் நிலையைப் பாருங்கள். 2004இல் கடலூர், நாகை மாவட்டங்களிலே ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர். மீன் வாங்கக் கரையிலே காத்திருந்தனர், இடுப்பிலே குழந்தை, காலைச் சுற்றிப் பிணித்த சேலை, நீந்தத் தெரியாது. கடலருகே பிறந்து, கடலருகே வளர்ந்து, கடலால் பிழைப்பவளுக்கு நீந்தத் தெரியாது! பையன் நீந்தினால் வீரம். பெண் நீந்தினால் நாணக்கேடு என்று வைத்த சமுதாயம் அது. நாணத்தின் பெயரால் மறுக்கப்பட்ட கல்வி உயிரைக் குடித்தது. ஒவ்வொரு கடற்கரைப் பள்ளியிலும் சிறுமிகளுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டும் என்று கோருவது விளையாட்டுக் கோரிக்கையன்று, உயிர்க் கோரிக்கை.

ஆகவே பொறுப்பைப் பகிர்ந்து சொல்வோம். யாரிடம் ஆற்றல் மிகுதியோ அவரிடம் பொறுப்பும் மிகுதி. புகலிடமும் கல்வீடும் கரைமேடும் எச்சரிக்கையும் அரசின் கடமை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டந்தோறும் பேரிடர் மேலாண்மை ஆணையமும் திட்டமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் திட்டத்திலே நம் ஊரின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்பது குடிமகன் உரிமை. ஆனால், அரசின் பொறுப்பு பெரிது என்பதால் வீட்டின் பொறுப்பு இல்லாமற்போய்விடாது. அரசு வரும் வரையில் ஓர் இரவு இருக்கிறது. அந்த இரவிலே வீட்டார்தான் இருக்கின்றனர். அண்டை வீட்டார்தான் இருக்கின்றனர்.

அந்த இரவுக்காகச் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குப் பணம் வேண்டியதில்லை. அறிவும் பழக்கமும் போதும். ஐப்பசி பிறக்குமுன் குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை நீர்புகா உறையிலிட்டு ஒரே பையில் வைக்கலாம். கூரையின்மேல் பழைய வலையைப் போர்த்தி, கயிற்றால் இழுத்து முளையடிக்கலாம். வீட்டின்மேல் சாய்ந்த பட்ட கிளையை வெட்டலாம். முற்றிய தேங்காயை இறக்கலாம். காற்றிலே அவை பீரங்கிக் குண்டாகும். குடங்களிலே குடிநீர், டப்பாவிலே அவலும் பொரியும் உப்பும், ஈரம் படாத தீப்பெட்டி, கைவிளக்கு, மாத்திரை. கிளம்பும்போது கால்நடையை ஓட்டிச் செல்ல முடியாவிட்டால் கட்டை அவிழ்த்து விட வேண்டும். கட்டிய மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும், அவிழ்த்த மாடு மேட்டைத் தேடும்.

புயலின் இயல்பைத் தெரிந்துகொள்வதும் காப்பே. துறைமுகத்திலே ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண்கள் 1 முதல் 11 வரை; எட்டும் ஒன்பதும் பத்தும் பெரும் அபாயம் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறிய வேண்டும். கொல்வது பெரும்பாலும் காற்றன்று, நீரே. ஆழங்குறைந்த கடலிலே புயல் தண்ணீரைத் தள்ளிக் குவிக்கிறது. வேதாரண்யத்தை ஒட்டிய ஆழமற்ற கடலில் அது உயர்ந்து ஊருக்குள் பாயும். புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். "போயிற்று" என்று எண்ணி வெளியே வந்தவர்களை, எதிர்த்திசையிலிருந்து திரும்பி வரும் காற்று வீழ்த்தும். அந்த அமைதி, பாதிதான் கடந்தது என்பதன் அறிகுறி. கரையிலே நிலம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, யாருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் உட்பக்கமாக, மேட்டுப்பக்கமாக ஓட வேண்டும். காற்று நின்றபின் அறுந்து கிடக்கும் மின்கம்பி, வெள்ளத்தில் ஒதுங்கிய பாம்பு, கலங்கிய கிணற்று நீர் ஆகிய மூன்றுக்கும் அஞ்ச வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077. சுவரிலே கரியால் எழுதி வைத்தாலும் போதும்.

"பத்து முறை ஆயத்தமாகி, ஒருமுறைதானே புயல் வருகிறது, ஒன்பது முறை செய்தது வீணல்லவா?" என்பர். திருடன் வராத இரவுகளில் பூட்டியது வீணா? ஒன்பது முறை செய்த பழக்கமே பத்தாவது முறை கையை நடுங்காமல் வைக்கிறது. மற்றும் சிலர், "முன்கூட்டியே அஞ்சுவது கோழைத்தனம்" என்பர். அபாயத்தை அறியாமல் நிற்பது வீரமன்று, அறியாமை. அறிந்து, அளந்து, கிழவியைத் தோளிலும் குழந்தையைக் கையிலும் ஏந்திப் புகலிடம் சேர்ப்பவனே வீரன்.

இதுவும் முழுவெற்றியன்று என்பதை மறக்கவில்லை. 2018இல் உயிர்கள் பெருமளவு காக்கப்பட்டன. ஆனால், தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நட்ட தென்னை காய்க்க ஆண்டுகள் பல. அதுவரை உழவன் உண்பதென்ன? உயிரைக் காத்து வாழ்வைக் கைவிடுவது பாதி அறம். பயிர்க் காப்பீடும், காற்றைத் தாங்கும் வீடும், அலையாத்திக் காடும், மாற்றுத் தொழிலும் அடுத்த படிகள். வெப்பமேறும் கடல் புயலுக்கு மேலும் வலுவூட்டும் என்று அறிவியலார் கூறும் இந்நாளில், படியேறத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் கடனாகவே ஏறும்.

மூன்று மீன்களின் கதையை நாம் சிறுவயதிலே கேட்டிருக்கிறோம். வருமுன் காப்போன், வரும்போது காப்போன், வந்தபின் காப்போன். கதையிலே ஒவ்வொரு மீனும் தன்னைத் தானே காத்துக்கொண்டது, அல்லது மாண்டது. அங்கேதான் கதையின் குறை. ஆயத்தமான ஒரு மீன் தப்பினால் போதாது. குளம் முழுவதும் தப்ப வேண்டும். நம் வீட்டுப் பையைக் கட்டி வைத்துவிட்டு, அடுத்த தெருவிலே தனித்து வாழும் மூதாட்டியை மறந்தால் அது தன்னலம்; அறமாகாது.

இளைஞர்களே! உங்கள் ஊரில் மன்றம் இருக்கும், படிப்பகம் இருக்கும். இந்த ஐப்பசிக்கு முன் அங்கே ஒரு பெரிய தாளை விரியுங்கள். ஊரின் படத்தை வரையுங்கள். தாழ்ந்த தெரு எது, உயர்ந்த மேடு எது, உறுதியான கட்டடம் எது, அதன் சாவி யாரிடம், நடக்க இயலாதவர் யார், கருவுற்றவர் யார், படகுடையவர் யார் என்று குறியுங்கள். ஊருக்கும் சேரிக்கும் தனித்தனிப் படம் வேண்டா, ஒரே படம். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பாளியின் பெயரை எழுதுங்கள். கிராம சபையிலே எழுந்து நின்று, இல்லாதவற்றைக் கேளுங்கள். கிடைக்கும்வரை கேளுங்கள்.

புயல் வரும். அதைத் தடுக்கும் ஆற்றல் இன்னும் மனிதனுக்குக் கிட்டவில்லை. ஆனால், புயல் கடந்த மறுநாள் காலை, அந்தத் தாளை மீண்டும் விரித்துப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும்போது, ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கிறேன்" என்று குரல் வர வேண்டும். அதற்கு நாம் பொறுப்பு.